தூண்டிலும் ஜவ்வரிசியும்

மேட்டூர் நீர்த்தேக்கத்தின் கரை, பரமத்தி வேலூர்ப் பக்கத்துக் காவிரிப் படித்துறை, நாமக்கல் வட்டாரத்து ஏரிகள் - தண்ணீர் நிற்கும் இடமெல்லாம் தூண்டில் போட்டுக் காத்திருக்கும் ஒருவரையாவது நீங்கள் பார்த்திருப்பீர்கள். முள்ளில் ஒரு மண்புழு இருக்கும்; அல்லது மைதா மாவு உருண்டை இருக்கும். கெளுத்திக்குப் புழு, கெண்டைக்கு மாவு, விராலுக்குத் தவளை என்று அவர் கணக்குச் சொல்லுவார். அண்மைக் காலத்தில் சிலரது முள்ளில் ரப்பர்த் தவளையும் பிளாஸ்டிக் புழுவும் தொங்குகின்றன. உயிரில்லாத ஒரு பொருளை மீன் எப்படி இரை என்று நம்புகிறது? இக்கேள்விக்கு விடை தேடினால் ஆர்க்கிமிடீசிலிருந்து பல்லுறுப்பி வேதியியல் வரை ஓர் உலா போய் வரலாம்.

முதலில் தக்கையைக் கவனியுங்கள்

தக்கை நீருக்கு மேலே எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்கிறது? 5 கன சென்டிமீட்டர் வெளியே தெரிகிறது என்று வைத்துக்கொள்வோம். அதை முழுவதும் அமிழ்த்த மீன் 5 கிராம் எடைக்குச் சமமான விசையுடன் இழுக்க வேண்டும். ஏனென்றால் அத்தக்கை இன்னும் 5 கிராம் நீரை இடம்பெயர்க்க வேண்டியிருக்கிறது. அந்த இழுப்பை உணர்ந்த மீன் இரையைத் துப்பிவிடும். சிறிது ஈயம் கூட்டி 1 கன சென்டிமீட்டர் மட்டும் வெளியே தெரியும்படி செய்துவிட்டால், 1 கிராம் விசையே போதும். மீன் லேசாகத் தொட்டாலும் தக்கை செய்தி சொல்லிவிடும். கைதேர்ந்தவர்கள் தக்கையின் நுனி மட்டும் தெரியுமாறு ஈயம் கட்டுவதன் இரகசியம் இதுதான்.

ஏன் ஈயம்? 1 கன சென்டிமீட்டர் ஈயத்தின் நிறை 11.3 கிராம். நீரில் மூழ்கும்போது அது 1 கிராம் எடையைத்தான் இழக்கிறது. சிறிய உருவம், பெரிய எடை! ஆனால் ஈயம் நஞ்சு. ஈயக் குண்டைப் பல்லால் கடித்து நரம்பில் பொருத்தும் வழக்கம் சிலரிடம் உண்டு. அதை நீங்கள் செய்யவே கூடாது. ஒரு சிறு இரும்பு நட்டும் அதே வேலையைச் செய்யும்.

மீனின் மூன்று காவலர்கள்

இரையைச் சோதிக்க மீனிடம் கண், மோப்பம், பக்கக்கோடு ஆகிய மூன்றும் இருக்கின்றன. செவுளிலிருந்து வால் வரை உடலின் இருபுறமும் ஓடும் மெல்லிய கோடுதான் பக்கக்கோடு. நீரில் எழும் சிறு அசைவுகளை அது உணரும். கலங்கிய நீரிலும் அருகில் நெளியும் புழுவை மீன் அறிந்துகொள்வது இதனால்தான்.

மரத்தில் செதுக்கிய புழு கண்ணை ஏமாற்றலாம், பக்கக்கோட்டை ஏமாற்றாது. கடித்ததும் அதன் கடினமே அதைக் காட்டிக் கொடுத்துவிடும். எனவே இரை மென்மையாக இருக்க வேண்டும். சிறு நீரோட்டத்திலும் நெளிய வேண்டும். அமெரிக்காவில் ஓஹையோ மாநிலத்து ஆக்ரன் நகரில் 1949ஆம் ஆண்டு நிக் கிரீம் என்பவர் தம் மனைவியுடன் வீட்டிலேயே வினைல் பிளாஸ்டிக்கை உருக்கி அச்சில் வார்த்துப் புழுக்கள் செய்தார். இன்று உலகெங்கும் விற்கும் மென்பிளாஸ்டிக் இரைகளுக்கு அதுவே முன்னோடி.

இடியாப்பமும் பி.வி.சி.யும்

பாலிவினைல் குளோரைடு - சுருக்கமாகப் பி.வி.சி. - நமக்குப் புதியதன்று. மேட்டூரிலேயே அதைத் தயாரிக்கும் தொழிற்சாலை இருக்கிறது. வீட்டுத் தண்ணீர்க் குழாயும் பி.வி.சி.தான்; தோட்டத்துக்கு நீர் பாய்ச்சும் வளையும் குழாயும் பி.வி.சி.தான். ஒரே பொருள் ஒன்றில் விறைப்பாகவும் மற்றொன்றில் குழைவாகவும் இருப்பது எப்படி?

இடியாப்பத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஆறிப்போன இடியாப்பத்தின் இழைகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிடும். இடையில் சிறிது தேங்காயெண்ணெய் விட்டுப் பிசறினால் இழைகள் வழுக்கி விலகும். பி.வி.சி. மூலக்கூறுகளும் நீண்ட இழைகளே. அவற்றின் இடையே எண்ணெய் போன்ற ஒரு திரவத்தைப் புகுத்தினால் இழைகள் நழுவி நகரும்; பொருள் குழைந்துவிடும். அத்திரவத்திற்கு இளக்கி என்று பெயர். இளக்கி சேராத பி.வி.சி. ஏறத்தாழ 80 டிகிரி சென்டிகிரேடுக்குக் கீழே விறைப்பாகவே இருக்கும். இளக்கி சேரச் சேர அந்த எல்லை கீழே இறங்குகிறது.

மார்கழிக் காலையில் தோட்டத்துக் குழாய் முரண்டு பிடிப்பதையும், உச்சி வெயிலில் துவண்டு கிடப்பதையும் கவனித்திருக்கிறீர்களா? குளிர்ந்தால் இழைகளின் அசைவு குறைகிறது. வட அமெரிக்க ஏரிகளில் கிராப்பி என்றொரு மீன் உண்டு. பனிக்காலம் முடிந்து வசந்தம் பிறக்கும்போது அது கரையோர ஆழமற்ற நீருக்கு வருகிறது. நீர் அப்போதும் சில்லென்றுதான் இருக்கும். குளிர் நீரில் மீனும் மந்தமாக இருக்கிறது. பிளாஸ்டிக் புழுவும் விறைத்துக்கொள்கிறது. அதனால்தான் அங்கே வீட்டில் இரை வார்ப்பவர்கள் அப்பருவத்துக்கென்று இளக்கியைக் கூட்டி, மிக மெல்லிய சிறு இரைகளைச் செய்கிறார்கள்.

ஏமாற்றின் விலை

நாமும் வார்த்துப் பார்க்கலாமே என்று தோன்றும். வேண்டாம். இக்கலவையைச் சுமார் 175 டிகிரி வரை சூடாக்க வேண்டும். சூடு மிகுந்தால் பி.வி.சி. சிதைந்து ஹைட்ரஜன் குளோரைடு என்னும் அரிக்கும் வாயு கிளம்பும். அது சமையலறையில் செய்யும் வேலையன்று.

இன்னொரு தொல்லையும் உண்டு. அறுந்து விழும் பிளாஸ்டிக் புழு ஏரியிலேயே கிடக்கும். விழுங்கிய மீனுக்கு அது செரிக்காது. நீரில் ஊறி உப்பவும் கூடும். ஏமாந்த மீன் தப்பித்தாலும் வயிற்றில் அச்சுமையோடு வாழ வேண்டும். மேட்டூர் நீர்த்தேக்கமோ 1934 முதல் பாசனத்துக்கும் குடிநீருக்கும் மீனவர் பிழைப்புக்கும் துணையாக நிற்கிறது. அதன் அடியில் நம் பிளாஸ்டிக் தங்கலாமா?

நம்மூர்ப் பல்லுறுப்பி

மாற்று வழி நம் வயலிலேயே விளைகிறது! சேலம், நாமக்கல் மாவட்டங்களின் மரவள்ளிக் கிழங்கைச் சொல்லுகிறேன். சேலம் ஜவ்வரிசிக்கு 2023ஆம் ஆண்டு புவிசார் குறியீடும் கிடைத்தது. ஜவ்வரிசி முழுக்க முழுக்க ஸ்டார்ச்சு. ஸ்டார்ச்சும் ஒரு பல்லுறுப்பியே. குளுக்கோசு மூலக்கூறுகள் கைகோத்த நீண்ட சங்கிலி. அதற்கும் இளக்கி உண்டு. நீர் ஒன்று, கிளிசரின் மற்றொன்று.

பெரியவர் ஒருவர் துணையுடன் இதைச் செய்து பாருங்கள். ஒரு மேசைக்கரண்டி மரவள்ளி மாவை நான்கு மேசைக்கரண்டி நீரில் கரையுங்கள். இளஞ்சூட்டில் கிளறுங்கள். 60, 70 டிகிரியை நெருங்கும்போது வெண்பால் போன்ற கரைசல் கண்ணாடி போன்ற கூழாக மாறும். எண்ணெய் தடவிய தட்டில் மெல்லியதாக ஊற்றுங்கள். அடுத்த முறை ஒரு தேக்கரண்டி கிளிசரின் சேர்த்து அதே போல் இன்னொரு தட்டில் ஊற்றுங்கள். இரண்டும் நிழலில் நன்றாகக் காயட்டும். முதல் தட்டின் வில்லை அப்பளம் போல் ஒடியும், இரண்டாவது வளையும். இளக்கியின் வேலையை இப்போது கண்ணாலேயே கண்டுவிட்டீர்கள். வளையும் துண்டைத் தண்ணீரில் போடுங்கள். ஊறி, மேலும் இளகும். பிளாஸ்டிக்கைப் போல் ஆண்டுக்கணக்கில் கிடக்காது. நீரிலுள்ள நுண்ணுயிர்கள் தின்று தீர்த்துவிடும்.

தூண்டிலுக்கானால் கிளிசரின் வேண்டாம். நீரைக் குறைத்துக் கெட்டியான கூழாகக் கிளறி, ஆறியபின் கோதுமை மாவும் கடலைப் புண்ணாக்குத் தூளும் சேர்த்து, முள்ளில் நிற்கும் பதத்துக்குப் பிசைந்துகொள்ளுங்கள். இதில் ஒரு கூடுதல் நன்மை இருக்கிறது. பிளாஸ்டிக் புழுவுக்கு இயல்பாக இரையின் வாசனை இல்லை. இந்த உருண்டையிலிருந்தோ புண்ணாக்கின் வாசனை நீரில் மெல்ல விரவிப் பரவும். மோப்பம் என்னும் காவலரும் நம் பக்கம்! அறுந்து விழுந்தால் அது மீனுக்கு உணவு, ஏரிக்குக் குப்பையில்லை.

தூண்டில் போடப் போகுமுன் இரண்டு செய்திகள். அந்த நீர்நிலையில் மீன் பிடிக்க அனுமதி உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள். காவிரிக் கரைக்குத் தனியாகப் போகாதீர்கள்; அணையில் நீர் திறந்தால் ஆற்றின் மட்டம் விரைவில் உயரும்.

இனிக் கடலைப் புண்ணாக்கு உருண்டை, எள்ளுப் புண்ணாக்கு உருண்டை, வெறும் மாவு உருண்டை மூன்றையும் ஒரே அளவில் செய்து, எதை மீன் முதலில் தொடுகிறது என்று நாள், நேரம், நீரின் வெப்பநிலை ஆகியவற்றுடன் குறித்து வாருங்கள். கூடை நிறையாமல் போனாலும், உங்கள் குறிப்பேடு நிறைந்துவிடும்.