ஆரூடமும் ஐந்தொகையும்

செயற்கை நுண்ணறிவு பற்றிய ஆரூடங்களைக் கேட்கும் பெரும் ஸ்தாபனங்களின் தொழில்நுட்பத் தலைவர்கள், அவற்றை நம்பி முதலிடுவதா, பொறுத்திருப்பதா என்று தடுமாறுவதில் வியப்பில்லை. கதிர்ப்படம் வாசிக்கும் வைத்தியர்களைப் பயிற்றுவிப்பதை நிறுத்திவிடலாம், ஐந்தாண்டுகளில் யந்திரம் அவர்களை விஞ்சிவிடும் என்று செயற்கை நுண்ணறிவுத் துறையின் முன்னோடி ஜெப்ரி ஹின்டன் 2016இல் சொன்னார். யந்திரம் படம் வாசிக்கக் கற்றது மெய்யே. ஆயினும் வைத்தியசாலையின் பொறுப்பும் சட்டமும் செலவும் அந்த ஆரூடத்தில் அடங்காமையால், அவ்வைத்தியர்களின் தேவை இன்றும் நீங்கவில்லை.

இவ்வகை விவகாரம் இலங்கையின் கண்டிச் சீமைக்குப் பழையது. 1869இல் கோப்பி இலைகளில் துருப்போலப் படர்ந்த பங்கசின் மாதிரிகளை இங்கிலாந்துக்கு அனுப்பிய பேராதனைப் பூங்காவின் அதிபர் ஜோர்ஜ் துவைட்ஸ், வெளிப்பூச்சு மருந்தால் அந்நோய் தீருமென எதிர்பார்ப்பது வீண் என்று தம் அறிக்கைகளில் எழுதிவந்தார். தோட்டத் துரைமாரோ, கோப்பி விலை ஏறிநின்றமையாலும், நோயுற்ற செடி உடனே சாகாமல் இலையுதிர்ந்து மீண்டும் துளிர்த்து ஆண்டுக்காண்டு மெல்ல நலிந்தமையாலும், மேலும் காடழித்துக் கோப்பியே நட்டனர். விஞ்ஞானம் திசையைச் சொல்லிற்று, தேதியைச் சொல்லவில்லை. கணக்குப் புத்தகமோ அவ்வருஷ லாபத்தை மட்டுமே காட்டிற்று. 1880களில் தொழில் சரிந்தபோது, அந்தத் தீர்மானத்தில் யாதொரு பங்குமில்லாத தமிழ்த் தொழிலாளரின் கூலியும் நிலுவையாயிற்று.

அதே சீமையில் லூல்கந்துரத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் 1867இல் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். நோய் வருமென்று அறிந்து செய்த காரியமன்று அது. எனினும் கொழுந்து கொய்வதிலும் வாட்டுவதிலும் உருட்டுவதிலும் அவர் அச்சிறு நிலத்தில் பெற்ற அநுபவம், கோப்பி வீழ்ந்த காலத்தில் ஒரு நாட்டுக்கே கைகொடுத்தது. அம்முயற்சி தோற்றிருந்தாலும் தாங்கக்கூடிய நஷ்டமே அது.

1946இல் அத்தேயிலையையும் கொப்புள நோய் தாக்கியபின், அதன் வித்திகள் முளைக்க இலையில் ஈரம் வேண்டும் என்பதைக் கொண்டு, வெயில் குறைந்த நாட்களைக் கணக்கிட்டு மருந்து தெளிக்கும் வேளையை முன்னறியும் முறையை ஆராய்ச்சியாளர் 1960களில் வகுத்தனர். இன்று அப்பணியை ஏற்கும் யந்திரம், நோய் வருவதற்கு நூற்றுக்கு 30 வாய்ப்பு உண்டு என்று கணிப்பதாகக் கொள்வோம். மருந்துச் செலவு 1 ரூபாயாகவும் தெளிக்காவிடில் வரும் நஷ்டம் 10 ரூபாயாகவும் இருந்தால், எதிர்பார்க்கத்தக்க நஷ்டம் 3 ரூபாய். ஆகவே தெளிப்பதே லாபம். நஷ்டம் 2 ரூபாயே எனில், அதே கணிப்பைக் கேட்டுவிட்டுச் சும்மா இருப்பதே விவேகம்.

கணிப்பை உரைப்பது யந்திரத்தின் தொழில். அதற்கு விலை வைப்பது தலைவரின் தொழில். ஆகையால் அவர் முதலில் விசாரிக்க வேண்டியது, ஆரூடம் பொய்த்தால் நஷ்டம் எவர் பெயரில் எழுதப்படும் என்பதையே. அது தம்மைத் தவிர்த்துத் தொழிலாளர் தலையில் விழுமாயின், ஐந்தொகை எத்துணை லாபம் காட்டினும் அத்திட்டத்தை 19 ஏக்கருக்குள் நிறுத்திக்கொள்வதே முறை.