கார் பம்பர் உறையை மாற்றுதல்

பம்பர் உறை என்பது காரின் முன்புறத்தையும் பின்புறத்தையும் மூடியிருக்கும், வண்ணம் பூசப்பட்ட பிளாஸ்டிக் பகுதியாகும். பேச்சு வழக்கில் இதையே ‘பம்பர்’ என்று சொல்கிறார்கள். ஆனால் மோதலைத் தாங்கும் உண்மையான பம்பர் இதற்குப் பின்னால் மறைந்திருக்கிறது. உடைந்த உறையைச் சாதாரணக் கருவிகளைக் கொண்டு வீட்டிலேயே மாற்ற முடியும். அதைக் கழற்றிய பிறகு உள்ளே பார்க்காமல் புதியதை மாட்டிவிடுவதுதான் ஆபத்து.

காஞ்சிபுரம் போன்ற கோயில் நகரங்களில் இந்த உறை அடிபடுவது மிகச் சாதாரணம். முகூர்த்த நாள்களில் காந்தி சாலைப் பட்டுக்கடைகளுக்கு வரும் வண்டிகள் ஒன்றையொன்று உரசிக்கொண்டு நிற்கும். பிள்ளையார்பாளையத்தின் குறுகிய தெருக்களில் நெசவாளர்கள் பாவு விரித்திருக்கும் காலை வேளையில், உள்ளே நுழைந்த கார் பெரும்பாலும் பின்னோக்கியே வெளியேற வேண்டும். வீட்டு வாசல் படியோ கல் தூணோ பட்டால் உறையில் விரிசல் விழும்.

உறையும் அதன் பின்னால் உள்ளதும்

அம்பாசடர், பிரீமியர் பத்மினி போன்ற பழைய கார்களில் பம்பர் என்பது குரோமிய முலாம் பூசிய இரும்புப் பட்டை. நசுங்கினால் டிங்கரிங் பட்டறையில் தட்டி நிமிர்த்தி மறுபடியும் மாட்டுவார்கள். 1972இல் பிரான்சில் வெளிவந்த ரெனோ 5 காரில் வார்ப்புப் பிளாஸ்டிக் பம்பர் வந்தது. (அதே ரெனோவின் கார்கள் 2010இல் திறக்கப்பட்ட ஒரகடம் ஆலையில் தயாராகின்றன. காஞ்சிபுரம் மாவட்டத்துக்குள்ளேயே இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஆலை 1998 முதல் கார்களை உற்பத்தி செய்கிறது.) அமெரிக்காவில் 1973ஆம் ஆண்டு மாதிரி கார்களிலிருந்து மணிக்கு 5 மைல், அதாவது சுமார் 8 கி.மீ. வேகத்தில் முன்புறம் மோதினாலும் விளக்கு முதலிய பாதுகாப்புப் பாகங்கள் கெடக்கூடாது என்ற விதி வந்தது. 1982இல் அது மணிக்கு 2.5 மைலாகக் குறைக்கப்பட்டது.

இன்றைய கார்களில் பொதுவாக மூன்று அடுக்குகள் உண்டு. வெளியே பாலிபுரொப்பிலீன் வகைப் பிளாஸ்டிக் உறை. அதற்குள் சிறு மோதலின் விசையை உள்வாங்கும் நுரைப் பட்டை. அதற்கும் உள்ளே, காரின் சட்டத்தோடு போல்ட் போட்டுப் பொருத்திய இரும்புத் தண்டு. தண்டின் இரு முனைகளிலும் மோதலின்போது மடங்கி நசுங்குவதற்கென்றே வைத்த சிறு பெட்டிகள் பல வண்டிகளில் இருக்கும். இவை நசுங்குவதால்தான் உள்ளே இருப்பவர்கள்மீது பாயும் விசை குறைகிறது. ஒருமுறை நசுங்கிய பெட்டி அடுத்த மோதலில் உதவாது. சில சிறிய கார்களில் நுரைப் பட்டை இருக்காது, அல்லது அதன் இடத்தில் பிளாஸ்டிக் தாங்கி மட்டுமே இருக்கும்.

உறை நெகிழும் தன்மை உடையது. உள்ளே தண்டு வளைந்திருந்தாலும் அது பழைய வடிவத்துக்கே திரும்பி, வெளியே ஒரு கீறல் மட்டும் தெரியும்படி நிற்கலாம். பழைய கார் வாங்குபவர்கள் ஏமாறுவதும் இங்கேதான்.

காப்பீட்டுக் கணக்கு

பலர் இந்த வேலையைத் தாமே செய்ய நினைப்பதற்குக் காரணம் காப்பீட்டு விதிகள். சாதாரண முழுக் காப்பீட்டில் பிளாஸ்டிக், ரப்பர், நைலான் பாகங்களின் விலையில் 50 விழுக்காடு தேய்மானமாகக் கழிக்கப்படும். 1500 சி.சி. வரையுள்ள கார்களுக்கு 1,000 ரூபாயைக் கட்டாயமாக உரிமையாளரே ஏற்க வேண்டும். உறையின் விலை 4,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் பாகத்துக்காகக் கையில் கிடைப்பது 1,000 ரூபாய்தான். அதற்காக, அடுத்த புதுப்பிப்பில் கிடைக்கவிருந்த 20 முதல் 50 விழுக்காடு வரையிலான ‘நோ கிளெய்ம் போனஸ்’ தள்ளுபடி கைவிட்டுப் போகும். தேய்மானம் கழிக்காத கூடுதல் காப்பீடு எடுத்தவர்களுக்குக் கணக்கு வேறு. காப்பீடு கோருவதாக இருந்தால், மதிப்பீட்டாளர் பார்க்கும்முன் எதையும் கழற்றக்கூடாது.

கழற்றும் முறை

இங்கே சொல்வது முன்புற உறைக்கானது. வண்டிக்கு வண்டி ஆணிகளின் எண்ணிக்கையும் இடமும் மாறும். தேவையானவை 10 மி.மீ. சாக்கெட், நட்சத்திரத் திருப்புளி, தட்டைத் திருப்புளி, மாஸ்கிங் டேப், ஒரு பழைய போர்வை, உதவிக்கு ஓர் ஆள். உறை கனமில்லை என்றாலும் அகலமானது. ஒருவரே இழுத்தால் ஒரு பக்கம் தொங்கி மறுபக்கக் கொக்கி உடையும்.

சமதரையில் நிறுத்தி, கை பிரேக் போட்டு, பேட்டரியின் எதிர்முனையைக் கழற்றிவிட்டுச் சில நிமிடங்கள் பொறுக்க வேண்டும். ஏர்பேக் மோதல் உணரிகள் பல கார்களில் ரேடியேட்டரைத் தாங்கும் சட்டத்திலேயே இருக்கின்றன. பானட்டைத் திறந்தால் கிரில்லின் மேல் விளிம்பில் கிளிப்புகளும் போல்ட்டுகளும் தெரியும். கிளிப்பின் நடு ஊசியைத் தட்டைத் திருப்புளியால் நெம்பித் தூக்கிய பிறகே முழுக் கிளிப்பையும் எடுக்க வேண்டும். வெயிலில் பல ஆண்டு நின்ற வண்டியில் இவை பொடிந்துபோகும் என்பதால் புதிய கிளிப்புகளை முன்னதாகவே வாங்கி வைப்பது நல்லது.

பிறகு ஸ்டியரிங்கை ஒருபுறமாக முழுதும் திருப்பினால் சக்கர வளைவின் உள்ளே கை போகும். மட்கார்டும் உறையும் சேரும் மூலையில் ஒரு ஸ்குரூ இருக்கும். பலரும் மறந்து, உறையைக் கிழிப்பது இந்த ஸ்குரூவால்தான். அடிப்பக்கத்தில் இன்னும் சில இருக்கும். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் படுக்கக்கூடாது.

மட்கார்டின் விளிம்பில் மாஸ்கிங் டேப் ஒட்டிவிட்டு, சக்கர வளைவுப் பக்கத்திலிருந்து உறையை வெளிப்புறமாக மெதுவாக இழுத்தால் பக்கவாட்டுக் கொக்கிகள் ஒவ்வொன்றாக விடுபடும். இரண்டு பக்கமும் விடுபட்ட பிறகே முன்னோக்கி இழுக்க வேண்டும். அப்போதும் முழுதாக இழுக்காமல், பனிவிளக்கு ஒயர்களின் இணைப்பைப் பிரித்துவிட்டுப் போர்வைமேல் கிடத்த வேண்டும்.

இப்போது தண்டை நன்றாகப் பார்க்கலாம். இடமும் வலமும் ஒரே அளவில் உள்ளனவா, மடிப்பு இருக்கிறதா, நுரைப் பட்டை பிளந்திருக்கிறதா, அதன் பின்னால் ஏசி கண்டென்சரில் கசிவு தெரிகிறதா, உணரியின் தாங்கி வளைந்திருக்கிறதா என்று சோதிக்க வேண்டும். வளைந்த தண்டைச் சூடு காட்டித் தட்டி நிமிர்த்துவது தவறு; உயர்வலிமை எஃகு சூட்டில் தன் வலிமையை இழந்துவிடும். அதை மாற்றத்தான் வேண்டும்.

வண்ணமும் பொருத்துதலும்

புதிய உறை பெரும்பாலும் வண்ணமில்லாமல் வரும். வண்ணக் குறியீடு கதவுத் தூணிலோ என்ஜின் அறையிலோ உள்ள தகட்டில் இருக்கும். அதே குறியீட்டில் கலந்தாலும் வெயிலில் மங்கிய பழைய வண்ணத்தோடு அப்படியே ஒத்துப்போகாது. பாலிபுரொப்பிலீனில் வண்ணம் எளிதில் ஒட்டாது என்பதால் பிளாஸ்டிக்குக்கான பிரைமர் அடிக்காவிட்டால் தோல் உரிவதுபோல உரிந்துவரும். ஸ்பிரே வேலையை மட்டும் பட்டறையில் கொடுப்பதே மேல். கடினப்படுத்தி கலந்த கிளியர் கோட்டின் ஆவி நுரையீரலைக் கெடுக்கும். துணி முகமூடி அதைத் தடுக்காது. நெசவாளர் தெருவில் இன்னொன்றும் உண்டு. மாடியில் அடிக்கும் வண்ணத்தூள் காற்றில் பறந்து பக்கத்து வீட்டுப் பாவில் படிந்தால் நட்டம் பம்பர் விலையைத் தாண்டிவிடும்.

பழைய உறையிலிருந்து கிரில், பனிவிளக்கு முதலியவற்றை மாற்றிப் பொருத்திய பிறகு, புதியதை மேலே தொங்கவிட்டுப் பக்கக் கொக்கிகளை அழுத்தி மாட்ட வேண்டும். எல்லா ஸ்குரூக்களையும் தளர்வாகப் போட்டு, ஹெட்லைட்டுக்கும் உறைக்கும் உள்ள இடைவெளி இருபுறமும் சமமான பிறகு முறுக்க வேண்டும். பிளாஸ்டிக்கில் அளவுக்கு மீறி முறுக்கினால் அங்கேயே புது விரிசல் தொடங்கும். பேட்டரியை இணைத்து விளக்குகள், ஹாரன், உணரிகள் ஆகியவற்றைச் சோதிக்கலாம். ஏர்பேக் விளக்கு அணையாமல் எரிந்தால் வண்டியைச் சேவை நிலையத்துக்குக் கொண்டுபோக வேண்டும். முன்புற ரேடார் உள்ள கார்களிலும் (2023இல் வந்த வெர்னாவின் சில வகைகள் போல) அதன் கோணத்தைக் கருவி வைத்துச் சரிபார்ப்பது வீட்டில் ஆகாது.

முன் எண் பலகை உறையில்தான் இருக்கும். 2019 ஏப்ரல் 1 முதல் தயாரிக்கப்பட்ட வண்டிகளில் உள்ள உயர்பாதுகாப்பு எண் பலகையை உடைக்காமல் கழற்ற முடியாத பூட்டாணியால் பொருத்தியிருப்பார்கள். அதை மீண்டும் பொருத்த அங்கீகாரம் பெற்ற முகவரிடம்தான் போக வேண்டும்.

உடைந்த உறைக்குப் பதில் இரும்புக் குழாய்த் தடுப்பைப் போட்டுக்கொள்வது தீர்வாகாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவுக்கு இது முரணானது என்று கூறி, மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2017 டிசம்பரில் மாநிலங்களை நடவடிக்கை எடுக்கச் சொன்னது. அத்தகைய தடுப்பு மோதலின் விசையை நேராகச் சட்டத்துக்குக் கடத்திவிடும். மோதப்படும் பாதசாரிக்கும் காயம் பெரிதாகும்.

சிறிய விரிசலாக இருந்தால் உறையையே மாற்றத் தேவையில்லை. பிளாஸ்டிக் வெல்டிங் செய்து பட்டி பார்த்துவிடலாம். அதற்கு அதே வகைப் பிளாஸ்டிக் கம்பி வேண்டும். உறையின் உட்புறத்தில் பொறித்துள்ள எழுத்துகளிலிருந்து வகை தெரியும். கழற்றிப் போட்ட பழைய உறையை மெல்லிய கீற்றுகளாக நறுக்கினால் அதுவே கம்பியாகும்.