எங்கும் வெளிவராத கதை

நினைவுச் சிறுகதைப் போட்டி அறிவிப்பு எதை எடுத்தாலும் ஒரு நிபந்தனை தவறாமல் இருக்கும்: கதை இதுவரை எங்கும் வெளிவராததாக இருக்க வேண்டும். நாற்பது வருஷத்துக்கு முன்னால் இந்த வரியை யாரும் நின்று படித்ததில்லை. சின்ன ஊரில் உட்கார்ந்து எழுதுகிற ஆளுக்குக் கதை வெளிவர வழி இல்லை என்பதால்தானே போட்டிக்கே அனுப்புகிறார்! இன்று அந்த ஒரு வரிக்குத்தான் ஏற்பாட்டாளருக்குப் போன் மேல் போன். "முகநூல்ல போட்டு ஒரே நாள்ல எடுத்துட்டேன் சார், அதுவும் வெளிவந்த கணக்கா?" "குடும்ப வாட்ஸ்அப் குரூப்ல மட்டும்தான் போட்டேன்." "பிரதிலிபியில வந்திருக்கு, ஆனா அச்சுல வரல்லையே."

போட்டி வழியாக எழுத்துக்குள் வந்தவர்கள் தமிழில் கொஞ்சநஞ்சம் அல்ல. மணிக்கொடி பி.எஸ். ராமையாவுக்கு ஆனந்த விகடனின் சிறுகதைப் போட்டிதான் வாசல். கலைமகள், நாராயணசாமி ஐயர் பெயரில் வைத்த நாவல் பரிசை 1946இல் வாங்கிய அகிலன், அப்போது ரயில்வே தபால் பிரிவில் கடிதம் பிரிக்கிற வேலையில் இருந்தவர். 1953இல் அதே பரிசு ராஜம் கிருஷ்ணனின் 'பெண் குரல்' நாவலுக்குப் போயிற்று. பிறகு அமரர் கல்கி நினைவுச் சிறுகதைப் போட்டி, வாரமலரின் டி.வி.ஆர். நினைவுச் சிறுகதைப் போட்டி என்று வாராந்தரிகளே ஆண்டுதோறும் நடத்தின. இலங்கையில் 'ஞானம்' சஞ்சிகை டாக்டர் புலோலியூர் க. சதாசிவத்தின் பெயரில் ஞாபகார்த்தப் போட்டி நடத்தியது. வடமராட்சியில் பிறந்து மலையகத்தையும் எழுதியவர் அவர்.

இவையெல்லாம் பெரிய பெயர்கள். நான் சொல்ல வந்தது இவற்றுக்குக் கீழே, ஊருக்கு ஊர் இருந்த சின்னப் போட்டிகளைப் பற்றி. இறந்துபோன தமிழாசிரியர், உள்ளூர் நூலகர், ஒரே ஒரு தொகுப்புப் போட்டுவிட்டுப் போன எழுத்தாளர் என்று யாராவது ஒருவர் பெயரில், அந்த மாவட்டத்துக்காரர்களுக்கு மட்டும், அதிலும் புத்தகம் போடாதவர்களுக்கு மட்டும் என்று நடந்தவை.

அவற்றை நடத்தியது இலக்கிய ஆர்வம் பாதி, வங்கி வட்டி பாதி. குடும்பத்தார் இலக்கிய மன்றத்தின் பெயரில் பத்தாயிரம் ரூபாய் வைப்புநிதி போட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். தொண்ணூறுகளில் பன்னிரண்டு சதவீத வட்டி சாதாரணம்; வருஷத்துக்கு 1,200 ரூபாய். முதல் பரிசு 500, இரண்டாவது 300, மூன்றாவது 200, மிச்சத்தில் நடுவருக்குச் சால்வை, கூட்டத்துக்கு டீ, காராசேவு. இன்று அதே பத்தாயிரத்துக்கு ஏழு சதவீதம் கிடைத்தால் அதிகம். 700 ரூபாயில் சால்வைக்கும் பேனருக்குமே சரியாய்ப் போய்விடும். பல நினைவுப் போட்டிகள் சத்தமில்லாமல் நின்றுபோனதற்கு இலக்கிய ரசனை குறைந்ததைக் காரணமாகச் சொல்லுகிறார்கள். எனக்கென்னவோ வட்டி விகிதம்தான் முதல் காரணம் என்று படுகிறது.

கதை அனுப்புவதே அன்று ஒரு சடங்கு. முழு வெள்ளைத்தாளில், ஒரு பக்கம் மட்டும், இடப்புறம் மார்ஜின் விட்டு எழுத வேண்டும். கார்பன் வைத்து ஒரு பிரதி கைவசம். 'கதை என் சொந்தக் கற்பனை. தழுவலோ மொழிபெயர்ப்போ அல்ல' என்று தனித்தாளில் கையெழுத்துப் போட்ட உறுதிமொழி. மூலையில் குண்டூசி. தேர்வாகாத கதை திரும்பி வர வேண்டுமானால் தபால் தலை ஒட்டிய சுயவிலாசமிட்ட உறை. தபால்காரர் கையில் அந்த உறை கனமாக இருந்தால் விஷயம் முடிந்தது. மெல்லிசாக, அவர்கள் உறையிலேயே வந்தால் அம்மாவைக் கூப்பிடலாம்.

நடுவர் வீட்டில் அந்தக் கட்டு இருக்கும் கோலத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். பெயர்த்தாளைப் பிரித்தெடுத்து, கதைத்தாளின் பின்பக்கம் சிவப்பு மையில் எண் போட்டு, பத்துப் பத்தாகச் சணல் கயிற்றில் கட்டியிருப்பார்கள். குண்டூசித் துரு தாளில் இறங்கியிருக்கும். கணக்குப் பேரேட்டிலிருந்து கிழித்த தாள், பள்ளிக்கூடத்துப் பரீட்சைத்தாள், மில் லெட்டர்பேடின் முதுகு என்று எல்லாவற்றிலும் கதை வரும். பெயர் மறைத்த பிறகும் ஆளை மறைக்க முடியாது, கையெழுத்து சொல்லிவிடும். நாலாம் பக்கத்துக்கு மேல் எழுத்து சாய்ந்து சிறுத்துக்கொண்டே போனால், எட்டுப் பக்க வரம்புக்குள் அடக்கத் திணறுகிறார் என்று அர்த்தம். அந்த நெருக்கடியில் முடிவு அவசரமாகத் தற்கொலையில் போய் நிற்கும். அந்தக் காலப் போட்டிக் கதைகளில் அத்தனை பேர் கிணற்றில் விழுந்ததற்கு வறுமையும் வரதட்சணையும் மட்டுமே காரணமா, பக்க வரம்பும் சேர்ந்துகொண்டதா என்று எனக்குச் சந்தேகம் உண்டு.

இன்று பக்கக் கணக்கு போய் 1,500 சொற்களுக்கு மிகாமல் என்று ஆகிவிட்டது. தமிழில் இது வேடிக்கையான அளவுகோல். 'வந்து கொண்டு இருந்தான்' என்று பிரித்தால் மூன்று சொல், சேர்த்தால் ஒன்று. வரம்பைத் தாண்டியவர்கள் கதையில் கை வைப்பதில்லை, இடைவெளிகளை அழிக்கிறார்கள். சங்கிலிபோல் சொற்கள் கோத்துக்கொண்ட ஒரு பத்தி வந்தால், இந்த இடத்தில்தான் எண்ணிக்கை இடித்திருக்கிறது என்று நடுவர் கண்டுகொள்வார்.

மின்னஞ்சல் வந்த புதிதில் வேறு கூத்து. பாமினியில் ஒருவர், வானவில்லில் ஒருவர், ஸ்ரீலிபியில் ஒருவர் என்று அடித்து அனுப்ப, திறந்தால் திரை முழுக்க ஆங்கில எழுத்தும் அடைப்புக்குறியும். யூனிகோடு நிலைபெற்ற பிறகு அந்தத் தொல்லை தீர்ந்தது, கையெழுத்தும் போயிற்று. போனில் பேசியே எழுதுகிறவர்கள் பெருகியிருக்கிறார்கள். நல்லதுதான். எழுத்துக்கூட்டத் தயங்குகிறவர்களின் கதையும் இப்போது போட்டிக்கு வருகிறது. உரையாடல் உயிரோடு இருக்கிறது; ஒற்றுப்பிழையைப் பிறகு திருத்திக்கொள்ளலாம். அமெரிக்காவின் கிளார்க்ஸ்வேர்ல்ட் பத்திரிகை, இயந்திரம் எழுதிய கதைகள் குவிந்ததால் 2023 பிப்ரவரியில் கதை வாங்குவதையே நிறுத்திவைத்தது. 'தழுவலோ மொழிபெயர்ப்போ அல்ல' என்ற பழைய உறுதிமொழியில் இங்கேயும் மூன்றாவதாக ஒன்று சேரத்தான் வேண்டியிருக்கிறது.

பரிசின் வடிவமும் மாறிவிட்டது. முன்பு தேர்வான கதைகளைத் தொகுத்தால் 1,200 பிரதி அடித்தாக வேண்டும். நூலக ஆணை கிடைக்காவிட்டால் மன்றச் செயலாளர் வீட்டுப் பரணில் கட்டுக்கட்டாகக் கிடக்கும். இன்று ஐம்பது பிரதிகூட அடிக்கலாம். இந்த வசதியில் ஒரு வியாபாரமும் நுழைந்துவிட்டது. கதை அனுப்பிய எல்லாருக்கும் 'தேர்வாகிவிட்டது' என்று செய்தி, கூடவே ஆளுக்குப் பத்துப் பிரதி வாங்க வேண்டும் என்ற நிபந்தனை. புதியவரின் ஆசையைக் காசாக்குகிற இதற்கு இறந்துபோன மனிதரின் பெயரை வைப்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

அச்சேறுவதும் திரையேறுவதும் எளிதாகிவிட்ட பிறகும் ஏன் அனுப்புகிறார்கள்? விருப்பக்குறி நூறு விழுகிறது. கடைசி வரி வரை படித்தவர் எத்தனை பேர் என்று எழுதியவருக்கே தெரியவில்லை. முன்பின் தெரியாத ஒருவர், கடமைக்காகவாவது, முழுக்கப் படித்தாக வேண்டிய இடம் போட்டி ஒன்றுதான். அன்று பஞ்சம் காகிதத்துக்கு, இன்று படிக்கிற ஆளுக்கு. ஆனால் ஏற்பாட்டாளர்கள் பரிசுத் தொகையைக் கூட்டுவதிலேயே குறியாக இருக்கிறார்கள். முதல் பரிசில் பத்தில் ஒரு பங்கைக் குறைத்து, முதல் கட்டத்தில் படிக்கிற இரண்டு மூன்று பேருக்குக் கொடுத்து, விலக்கிய ஒவ்வொரு கதைக்கும் இரண்டு வரி காரணம் எழுதி வாங்கலாம். 'கடிதப் போக்குவரத்து கிடையாது' என்ற விதி தபால் செலவுக்குப் பயந்து போட்டது. அந்தச் செலவு ஒழிந்து இருபது வருஷமாகிறது. விதியை மட்டும் இன்னும் அச்சடித்துக்கொண்டிருக்கிறோம்.