குட்டி நீமோவுக்கு எத்தனை வேளை சாப்பாடு?

ஆம்பூர், வேலூர்ப் பக்கம் தோல் மண்டிக்குப் போயிருக்கிறீர்களா, குட்டீஸ்? ஆட்டுத்தோல் அழுகாமல் இருக்க உப்பை அள்ளித் தடவி வைத்திருப்பார்கள். தொழிற்சாலையில் தோலைக் கழுவும்போது அந்த உப்பு தண்ணீரோடு கலந்துவிடும். பாலாற்றங்கரையில் பல கிணறுகள் உப்புக் கரிப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

"அப்போ அந்தத் தண்ணீரிலேயே கடல் மீன் வளர்க்கலாமே!" என்கிறீர்களா? ஊஹூம்! கடல் நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு இருக்கும். அதுவும் சமையல் உப்பு மட்டுமல்ல. மெக்னீசியம், கால்சியம் எல்லாம் உண்டு. கடலை விட்டு 100 கிலோமீட்டருக்கு மேல் தள்ளியிருக்கும் வேலூரில், இதற்கென விற்கும் உப்புக்கலவையைத்தான் கரைக்க வேண்டும்.

தண்ணீர் தயார். இனிமேல்தான் வேலையே!

2003-ல் வந்த 'ஃபைண்டிங் நீமோ' படத்தின் நாயகன் ஒரு கோமாளி மீன். வளர்ந்த கோமாளி மீனுக்குத் தினம் இரண்டு வேளை உணவு போதும். இரண்டு மூன்று நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவுதான் போட வேண்டும். பாவம் என்று அள்ளிப் போட்டால் மிச்சம் அழுகி, அமோனியா பெருகி, மீன் செத்துவிடும்.

குஞ்சுகளின் கதையே வேறு. மண்டபத்திலுள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்திலும், பரங்கிப்பேட்டையிலுள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல் உயிரியல் மையத்திலும் கோமாளி மீன்களைக் குஞ்சு பொரிக்க வைத்திருக்கிறார்கள். முட்டையிட்டு ஏறக்குறைய ஒரு வாரத்தில், இருட்டிய பிறகு குஞ்சுகள் வெளியே வரும். நீளம் 3, 4 மில்லிமீட்டர்தான். வாய் எவ்வளவு சின்னதாக இருக்கும், யோசித்துப் பாருங்கள்!

அந்த வாய்க்குள் நுழையக்கூடியது 'ரோட்டிஃபர்' என்ற நுண்ணுயிர். அது தொட்டியில் எந்நேரமும் நீந்திக்கொண்டே இருக்க வேண்டும்; குஞ்சுகள் பார்த்துப் பார்த்துப் பிடிக்கும். சரி, ரோட்டிஃபருக்கு யார் சாப்பாடு போடுவது? அதற்குப் பச்சைப் பாசி! முதலில் பாசி, அப்புறம் ரோட்டிஃபர், கடைசியில்தான் மீன். பாசி செத்தால் மூன்று வீட்டிலும் அடுப்பு எரியாது.

குஞ்சு கொஞ்சம் வளர்ந்ததும் ஆர்ட்டீமியா. தூத்துக்குடி உப்பளங்களில்கூட வாழும் குட்டி உயிர் இது. பழுப்புத் தூள் போலிருக்கும் முட்டையை உப்புநீரில் போட்டால், ஒரே நாளில் பொரிந்துவிடும். உடனே கொடுத்துவிட வேண்டும். நேரமானால் அதன் உடம்பிலுள்ள சத்து குறைந்துவிடும். எனவே தினமும் புதிதாகப் பொரிக்க வைக்க வேண்டும்.

இதைவிடக் கஷ்டமான விருந்தாளி கடல் குதிரை. அதற்கு இரைப்பையே கிடையாது! தின்றது சீக்கிரம் வெளியேறிவிடும், மறுபடி பசிக்கும். ஆனால் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதைப் பிடிப்பதும் விற்பதும் குற்றம். மன்னார் வளைகுடாவின் கடற்புற்களில் வாலைச் சுற்றிக்கொண்டு, குழாய் வாயால் குட்டி இறால்களை 'சர்ர்' என்று உறிஞ்சியபடி, அது நாள் முழுக்கச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறது.