நாடாவில் பிறந்த பாட்டு: பீட்டில்ஸின் ‘ரிவால்வர்’

பீட்டில்ஸ் குழுவின் ஏழாவது ஆல்பமான ‘ரிவால்வர்’ 1966 ஆகஸ்ட் 5 அன்று பிரிட்டனில் வெளிவந்தது. மூன்று வாரங்கள் கழித்து, ஆகஸ்ட் 29 அன்று, சான் பிரான்சிஸ்கோவின் கேண்டில்ஸ்டிக் பார்க் அரங்கில் தங்களுடைய கடைசிக் கட்டணக் கச்சேரியை நடத்தியபோது, அந்த நால்வரும் புதிய ஆல்பத்தின் 14 பாடல்களில் ஒன்றைக்கூடப் பாடவில்லை. ரசிகர்களின் கூச்சலில் தாங்கள் வாசிப்பது தங்களுக்கே கேட்காத நிலை அப்போது இருந்தது உண்மை. ஆயினும் அப்பாடல்களில் பல, மேடையில் நான்கு பேர் வாசித்து உண்டாக்கவே இயலாத ஒலிகளால் ஆனவை என்பதே இந்த ஆல்பத்தை இன்றும் கூர்ந்து கேட்கத் தூண்டுகிறது.

அதுவரை ஒலிப்பதிவு என்பது பெரும்பாலும் நன்றாக வாசிக்கப்பட்டதைப் பழுதின்றி நாடாவில் ஏற்றும் பணியாகவே கருதப்பட்டது. லண்டன் அபி ரோடில் இருந்த இ.எம்.ஐ. ஒலிப்பதிவுக் கூடத்தில், தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டினும் அப்போது 20 வயதே ஆகியிருந்த ஒலிப்பதிவாளர் ஜெஃப் எமரிக்கும் அந்த வழக்கத்தை மீறினார்கள். ரிங்கோ ஸ்டாரின் பெரிய டிரம்முக்குள் கம்பளிச் சட்டையைத் திணித்து, மைக்கை அதற்கு மிக அருகில் வைத்தார் எமரிக். ஒரே குரலை இருமுறை பாடிச் சேர்த்து அடர்த்தியாக்கும் சலிப்பூட்டும் வேலையைத் தவிர்க்க, பதிவான குரலின் நகலை இம்மியளவு தாமதித்து மூலத்தோடு கலக்கும் முறையைக் கூடத்தின் பொறியாளர் கென் டவுன்சென்ட் உருவாக்கினார். ‘ஐ’ம் ஒன்லி ஸ்லீப்பிங்’ பாடலின் உறக்கக் கிறக்கத்துக்காக, ஜார்ஜ் ஹாரிசனின் கிதார் இசை நாடாவைத் தலைகீழாக ஓட்டிச் சேர்க்கப்பட்டது.

ஆல்பத்தின் கடைசிப் பாடலான ‘டுமாரோ நெவர் நோஸ்’தான் 1966 ஏப்ரலில் முதலாவதாகப் பதிவு செய்யப்பட்டது என்பது வியப்புக்குரியது; குழு தனது பயணத்தை அதன் எல்லையிலிருந்தே தொடங்கியது எனலாம். ஏறத்தாழ ஒரே ஸ்வரக்கூட்டின் மீது முழுப் பாடலும் நிற்க, அடியில் தம்புரா ரீங்கரிக்கிறது; சுருதியின் மீது பாட்டு எழும்புவதைக் கேட்டுப் பழகிய தமிழ்ச் செவிக்கு, மேற்கத்திய ராக் இசையின் இந்தத் துணிவு மற்றவர்களைவிட எளிதில் பிடிபடும். துண்டு நாடாவின் இரு முனைகளையும் ஒட்டி வளையமாக்கினால், அதிலுள்ள ஒலி முடிவின்றிச் சுழலும். பால் மெக்கார்ட்னி இவ்வாறு வீட்டில் செய்துகொண்டு வந்த வளையங்கள் கட்டடத்தின் வெவ்வேறு அறைகளிலிருந்த கருவிகளில் பூட்டப்பட்டன. ஊழியர்கள் பென்சில்களால் அவற்றை இழுத்துப் பிடித்திருக்க, கலவை மேசையில் அவ்வொலிகள் ஏற்றியும் இறக்கியும் சேர்க்கப்பட்டன. மலையுச்சியிலிருந்து தலாய் லாமா ஓதுவதுபோலத் தன் குரல் ஒலிக்க வேண்டும் என்று ஜான் லென்னன் விரும்பியதால், ஆர்கன் வாத்தியத்துக்குரிய சுழலும் ஒலிபெருக்கி வழியாக அவர் குரல் செலுத்தப்பட்டது.

இத்தனையும் வெறும் வித்தையாக நின்றிருந்தால் ஆல்பம் எப்போதோ பழசாகியிருக்கும். ‘எலனோர் ரிக்பி’ பாடலில் பீட்டில்ஸ் எவரும் வாத்தியம் வாசிக்கவில்லை; நான்கு வயலின், இரண்டு வியோலா, இரண்டு செல்லோ மட்டுமே ஒலிக்கின்றன. வில் தந்தியில் உரசும் கரகரப்பும் விழும் அளவுக்கு நெருக்கமாக மைக்குகள் வைக்கப்பட்டதால், தனிமையில் வாழ்ந்து மடியும் ஒரு பெண்ணின் கதையில் வழக்கமான வயலின் குழைவுக்கு இடமே இல்லாமல் போயிற்று. தொழில்நுட்பம் பாட்டின் பொருளுக்கு இவ்வளவு முழுமையாகப் பணிந்த இடம் இந்த ஆல்பத்தில் வேறில்லை. அனில் பக்வத்தின் தபலாவுடன் சிதார் ஒலிக்கும் ஹாரிசனின் ‘லவ் யூ டு’ பாடலிலும், இந்திய இசை மேலே தூவிய அலங்காரமாக இல்லாமல் பாடலின் எலும்புக்கூடாகவே அமைந்துள்ளது.

அமெரிக்காவில் லென்னனின் மூன்று பாடல்கள் முன்னதாகவே வேறோர் ஆல்பத்தில் சேர்க்கப்பட்டுவிட்டதால், அங்கு 11 பாடல்களோடு குறைபட்ட ‘ரிவால்வர்’தான் விற்பனைக்கு வந்தது. நான்கே தடங்கள் கொண்ட நாடாவில் ஒன்றாகக் கலந்துபோன வாத்தியங்களை மென்பொருளால் பிரித்து, மார்ட்டினின் மகன் ஜைல்ஸ் மார்ட்டின் 2022-இல் புதிய கலவையை வெளியிட்டார். அதன் தெளிவு பாராட்டத்தக்கதே. எனினும் முதன்முறை கேட்போர், அக்காலத்தில் முதன்மையாகக் கருதப்பட்ட, எல்லா ஒலிகளும் ஒரே திசையிலிருந்து வந்து மோதும் பழைய மோனோ பதிப்பிலிருந்து தொடங்குவதே நல்லது.