பிரிண்டரில் சிக்கிய காகிதம்! வெறுங்கையோடு திரும்பிய வாலிபர்

50 பக்கங்களை அச்சிட அனுப்பிவிட்டு, வேறு வேலையில் மூழ்கினார் அந்த வாலிபர். ஒரு மணி நேரம் கழித்துப் பிரிண்டரிடம் போனார். தட்டில் கிடந்தது நாலே நாலு பக்கம்!

அந்த நாலும் அவருடையது அல்ல. வேறு யாரோ அனுப்பியது!

இது நடந்தது 1980-ம் ஆண்டு வாக்கில். இடம்: அமெரிக்காவில் "எம்.ஐ.டி." என்ற பெரிய தொழில்நுட்பக் கல்வி நிலையம். அங்கே செயற்கை அறிவு ஆராய்ச்சிக் கூடம் ஒன்று இருந்தது.

ஏமாந்து நின்றவர் பெயர் ரிச்சர்டு ஸ்டால்மன். வயது 27. கம்ப்யூட்டருக்குப் புரோகிராம் எழுதுவது அவர் தொழில். கம்ப்யூட்டர் என்ன செய்ய வேண்டும் என்று வரி வரியாக எழுதி வைக்கும் கட்டளைதான் புரோகிராம்.

ஊருக்கு ஒரு கிணறு

ஆளுக்கு ஒரு பிரிண்டர் வாங்க முடியாது. அதனால் எல்லோருக்கும் பொதுவாக ஒன்றை வைத்து, கம்பி மூலம் கம்ப்யூட்டர்களோடு இணைப்பார்கள். பலர் ஒரே நேரத்தில் அனுப்பினால்? இடையில் ஒரு கம்ப்யூட்டர் உட்கார்ந்து எல்லாவற்றையும் வரிசையில் நிறுத்தும். ஒன்று முடிந்த பிறகே அடுத்ததை விடும். அதற்கு இன்று "பிரிண்ட் சர்வர்" என்று பெயர்.

ரேஷன் கடை கியூ மாதிரிதான். முன்னால் நிற்பவர் நகராவிட்டால் பின்னால் நிற்பவர் கதி அதோ கதி! காகிதம் ஒரு இடத்தில் சிக்கினால் கியூ முழுவதும் நின்றுவிடும். அது அனுப்பியவருக்குத் தெரியாது. அவர் எங்கோ உட்கார்ந்து இருப்பார்.

பழைய பிரிண்டருக்கு ஒரு தந்திரம்

அந்தக் கூடத்தில் முன்பு இருந்த பிரிண்டரிலும் காகிதம் சிக்கியது. அதைச் சிக்காமல் செய்ய ஸ்டால்மனால் முடியவில்லை. எந்திரத்தின் கோளாறைப் புரோகிராம் எழுதித் தீர்க்க முடியுமா?

அவர் வேறு வழி கண்டுபிடித்தார். பிரிண்டரை நடத்திய சிறு கம்ப்யூட்டரின் பெயர் "பி.டி.பி.-11". அதன் புரோகிராமில் சில வரிகளைச் சேர்த்தார். அது அடிக்கடி பிரிண்டரைப் பார்க்கும். காகிதம் சிக்கி இருந்தால் பெரிய கம்ப்யூட்டருக்குச் சொல்லும். உடனே, கியூவில் காத்து இருப்பவர்களுக்கு மட்டும் செய்தி போகும்: பிரிண்டர் நின்றுவிட்டது, போய்ச் சரி செய்யுங்கள் என்று.

அவசரம் உள்ளவர் யாராவது எழுந்து ஓடுவார். காகிதத்தை இழுத்துப் போடுவார். கியூ நகரும்!

வாசலில் கிடைத்த பூட்டு

பிறகு ஜெராக்ஸ் கம்பெனி புதிய லேசர் பிரிண்டர் ஒன்றை இனாமாகக் கொடுத்தது. வேகமானது; எழுத்தும் அழகு. ஆனால் காகிதம் சிக்கும் வியாதி மட்டும் போகவில்லை.

காரணம் உண்டு. நகல் எடுக்கும் எந்திரத்தை மாற்றிச் செய்த பிரிண்டர் அது. நகல் எடுப்பவர் எந்திரத்தின் பக்கத்திலேயே நிற்பார். சிக்கினால் அப்போதே எடுத்துவிடுவார். பிரிண்டரின் பக்கத்தில் யார் நிற்கிறார்கள்?

பழைய தந்திரத்தை இதிலும் செய்துவிடலாம் என்று ஸ்டால்மன் நினைத்தார். முடியவில்லை. மனிதர் படித்துத் திருத்தக்கூடிய புரோகிராமைக் கம்பெனி கொடுக்கவில்லை. எந்திரத்துக்கு மட்டும் புரியும் வடிவம்தான் வந்து இருந்தது. குழம்பு கையில் இருக்கிறது, செய்முறை இல்லை!

பிட்ஸ்பர்க் நகரில் உள்ள கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் ஒருவரிடம் அது இருப்பதாகத் தெரிந்தது. அங்கே போன சமயம் ஸ்டால்மன் நேரிலேயே கேட்டார்.

அவர் மறுத்துவிட்டார். யாருக்கும் கொடுப்பது இல்லை என்று வாக்குக் கொடுத்து இருந்தாராம். அவரைக் குறை சொல்வதும் கஷ்டம். கொடுத்த வாக்கை மீற முடியுமா? ஆனால் அந்த ஒருவர் கொடுத்த வாக்கினால் ஒரு கூடமே கைகட்டி நின்றது.

ஸ்டால்மனுக்கு வந்த கோபத்தில் பேச்சு எழவில்லை. வாய் திறக்காமல் திரும்பி நடந்தார். புதிய பிரிண்டரில் அந்தச் சிறு வசதியைச் செய்ய முடியாமலே போயிற்று.

வேலையை விட்டார்

1983 செப்டம்பர் 27-ல் ஸ்டால்மன் ஓர் அறிவிப்பு வெளியிட்டார். "குனு" என்ற பெயரில் கம்ப்யூட்டருக்கு வேண்டிய புரோகிராம்களை எழுதப் போவதாகச் சொன்னார். யாரும் படிக்கலாம், திருத்தலாம், பிறருக்குக் கொடுக்கலாம். 1984 ஜனவரியில் எம்.ஐ.டி. வேலையை விட்டார். வேலையை விட வேறு காரணங்களும் இருந்தன. ஆனாலும் தம் மனம் மாறிய கதையைச் சொல்லும்போது அந்தப் பிரிண்டரை அவர் மறப்பது இல்லை.

1991-ல் பின்லாந்து மாணவர் லைனஸ் டோர்வால்ட்ஸ் "லினக்ஸ்" எழுதினார். அது குனுவோடு சேர்ந்து உலகம் எங்கும் பரவியது.

1999-ல் மைக்கேல் ஸ்வீட் என்பவர் "கப்ஸ்" என்ற பிரிண்ட் சர்வர் புரோகிராமை வெளியிட்டார். அதையும் யார் வேண்டுமானாலும் பிரித்துப் பார்க்கலாம். லினக்ஸ் கம்ப்யூட்டரில் "பிரிண்ட்" என்று தட்டினால் பெரும்பாலும் கியூவைக் கவனிப்பது அதுதான்.

இன்றைய பிரிண்டர்களும் கம்ப்யூட்டர்களும் பேசிக்கொள்ள ஒரு பொது மொழி உண்டு. காகிதம் தீர்ந்தால் ஒரு சொல், மை குறைந்தால் ஒரு சொல். காகிதம் சிக்கினால் சொல்லவும் அதில் ஒரு சொல் இருக்கிறது!