ஒரு சர்வர் மெதுவானால் மொத்த ஆப்பும் ஏன் சுற்றுகிறது?

தீபாவளிக்கு ஊருக்குப் போக பஸ் டிக்கெட் தேடுகிறீர்கள். 'சென்னை – மதுரை' என்று போட்டு, தேதியைத் தட்டியதும் திரையில் வட்டம் சுற்ற ஆரம்பிக்கிறது. ரெண்டு நொடி, நாலு நொடி, எட்டு நொடி. பொறுமை போய் மறுபடி தட்டுகிறீர்கள். நெட் சரியாகத்தான் இருக்கிறது. வாட்ஸ்அப்பில் படம் உடனே போகிறது. அப்புறம் இது மட்டும் ஏன் சுற்றுகிறது?

பல பஸ் நிறுவனங்களின் டிக்கெட்டை ஒரே திரையில் காட்டும் ஆப் ஒன்றை எடுத்துக்கொள்வோம். உங்களுக்கு அது ஒரே தேடல். ஆனால் பின்னால் அது 20 நிறுவனங்களின் சர்வர்களுக்கு 20 கோரிக்கைகளாகப் பிரிந்து போகிறது. யாரிடம் எப்போது கேட்பது, எவ்வளவு நேரம் காத்திருப்பது, எந்தக் கட்டத்தில் 'போதும், விடு' என்று கைவிடுவது என்பதையெல்லாம் முடிவு செய்யும் மென்பொருளுக்குப் பெயர் ஷெட்யூலர். கேள்வியை அனுப்புவது சுலபம். நாலு வரி கோடு எழுதத் தெரிந்த யாரும் அனுப்பிவிடலாம். சிக்கலெல்லாம் காத்திருப்பதில்தான் இருக்கிறது.

ஓட்டல் சர்வர் கற்றுத்தரும் பாடம்

நம் ஊர் ஓட்டலில் பரிமாறுபவரையும் 'சர்வர்' என்றுதான் சொல்கிறோம். குழம்ப வேண்டாம், இந்தக் கதையில் அவர்தான் ஷெட்யூலர். சமையல்கட்டுதான் கம்ப்யூட்டர் சர்வர். ஒரு மேஜையில் "ரெண்டு ரோஸ்ட்" என்று ஆர்டர் எடுத்தவர், அது வெந்து வரும்வரை கல்லுக்குப் பக்கத்திலேயே நின்றால் என்ன ஆகும்? 20 மேஜைக்கு 20 ஆள் வேண்டும். பெரும்பாலான நேரம் அத்தனை பேரும் சும்மாதான் நிற்பார்கள். பழைய முறை சர்வர் மென்பொருள்கள் இப்படித்தான் இருந்தன: ஒரு கோரிக்கைக்கு ஒரு த்ரெட், பதில் வரும்வரை அது அங்கேயே காத்துக் கிடக்கும்.

நிஜத்தில் எந்த ஓட்டலிலும் அப்படி நடப்பதில்லை. ஒருவரே ஆறேழு மேஜையைப் பார்த்துக்கொள்கிறார். ஆர்டரைச் சொல்லிவிட்டு அடுத்த மேஜைக்குப் போகிறார். உள்ளேயிருந்து "ரோஸ்ட் ரெடி" என்று குரல் வந்ததும் திரும்பி வருகிறார். அந்தக் குரல்தான் ஈவென்ட். 'பதில் வந்துவிட்டது', 'இணைப்பு அறுந்துவிட்டது', 'கெடு முடிந்துவிட்டது', 'பயனர் ஆப்பை மூடிவிட்டார்' என்று ஒவ்வொன்றும் ஒரு ஈவென்ட். இவை வரும்போது மட்டும் எழுந்து வேலை செய்வதால்தான் இதற்கு ஈவென்ட் சார்ந்த வடிவமைப்பு என்று பெயர்.

இந்த யோசனைக்குப் பெரிய தள்ளுதல் வந்தது 1999 வாக்கில். ஒரே கம்ப்யூட்டர் ஒரே நேரத்தில் 10,000 பேரைச் சமாளிக்க வேண்டும் என்ற சவாலை டான் கெகல் என்ற பொறியாளர் 'சி10கே' என்ற பெயரில் எழுதினார். பிறகு லினக்ஸில் 'ஈபோல்' வந்தது. ஆயிரக்கணக்கான இணைப்புகளில் எதில் பதில் வந்திருக்கிறது என்பதை மட்டும் பொறுக்கிச் சொல்லும் வசதி அது. 2004-ல் இகோர் சிசோயெவ் வெளியிட்ட என்ஜின்எக்ஸ், 2009-ல் ரயன் டால் அறிமுகப்படுத்திய நோட் ஜேஎஸ் ஆகியவை இந்த வழியில் வந்தவைதான். இதில் ஒரே ஒரு நிபந்தனை: பரிமாறுபவர் உட்கார்ந்து வெங்காயம் நறுக்கக் கூடாது. கணக்குப் போடும் கனமான வேலையை ஈவென்ட் லூப்புக்குள் செய்தால் எல்லா மேஜையும் நின்றுவிடும்.

செத்ததைவிட மெதுவானது ஆபத்து

இப்போது நம் 20 பஸ் நிறுவனங்களுக்கு வருவோம். ஒரு சர்வர் முழுதாகப் படுத்துவிட்டால் உண்மையில் பெரிய பிரச்சினை இல்லை. இணைப்பு உடனே மறுக்கப்படும். ஷெட்யூலர் அதைத் தள்ளிவிட்டுப் போய்விடும். படுத்தும் படுக்காமலும் இருக்கும் சர்வர்தான் தலைவலி.

கணக்கைப் பாருங்கள். ஒரு நிறுவனத்தின் சர்வருக்கு நொடிக்கு 40 கோரிக்கை போகிறது. பதில் வர 0.1 நொடி ஆகிறது. அப்படியானால் எந்த நொடியிலும் பதிலுக்காகக் காத்திருப்பவை சராசரியாக 40 × 0.1 = 4 கோரிக்கைகள்தான். ஜான் லிட்டில் 1961-ல் நிரூபித்த விதி இது. 'லிட்டில் விதி' என்றே பெயர். வங்கி வரிசைக்கும் டோல்கேட்டுக்கும் பொருந்துகிற அதே கணக்கு. இப்போது அந்த சர்வர் பதில் தர 5 நொடி எடுத்துக்கொள்கிறது என்று வையுங்கள். 40 × 5 = 200. யாரும் கூடுதலாக ஆப்பைத் திறக்கவில்லை, கூட்டம் கூடவில்லை, ஆனால் காத்திருப்பவை 50 மடங்கு ஆகிவிட்டன.

ஆப்பின் பக்கம் மொத்தமே 200 இணைப்புதான் திறக்கலாம் என்று வரம்பு இருந்தால், அந்த ஒரு மெதுவான நிறுவனமே அத்தனையையும் பிடித்துக்கொள்ளும். நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் மற்ற 19 நிறுவனங்களுக்குக் கேள்வி அனுப்பக்கூட இடம் இருக்காது. வெளியே பார்ப்பவருக்கு 'ஆப் டவுன்'. உள்ளே பார்த்தால் எந்த சர்வரும் செத்திருக்காது.

அதனால் ஷெட்யூலர் எழுதும்போது முதலில் செய்ய வேண்டியது, ஒவ்வொரு சர்வருக்கும் தனித்தனி வரிசையும் தனி வரம்பும் வைப்பது. 'இந்த நிறுவனத்துக்கு ஒரே நேரத்தில் 10 கோரிக்கைக்கு மேல் போகாது' என்று கட்டிவிட்டால், அங்கே அடைத்துக்கொண்டாலும் அடைப்பு அங்கேயே நிற்கும். கப்பலின் அடிப்பகுதியைத் தனித்தனி அறைகளாகத் தடுப்பதும் இதற்காகத்தான். ஓர் அறையில் தண்ணீர் புகுந்தால் கப்பலே மூழ்கக் கூடாது.

அடுத்தது கெடு. ஒவ்வொரு கோரிக்கைக்கும் 'இத்தனை நொடிக்குள் வரவில்லை என்றால் விட்டுவிடு' என்று ஒரு டைமர் தேவை. ஒரே நேரத்தில் லட்சம் டைமர் ஓடினால் அதைக் கவனிப்பதே தனி வேலையாகிவிடாதா என்று கேட்கலாம். 1987-ல் ஜார்ஜ் வர்கீஸும் டோனி லாக்கும் இதற்கு அழகான வழி சொன்னார்கள்: கடிகார முகம் மாதிரி ஒரு சக்கரம். கெடு எந்த நேரத்தில் முடிகிறதோ அந்தக் கட்டத்தில் கோரிக்கையைப் போட்டுவிட வேண்டும். முள் அந்தக் கட்டத்துக்கு வரும்போது அதில் இருப்பவற்றை மட்டும் பார்த்தால் போதும். லினக்ஸ் கெர்னலின் டைமர்கள் இந்த யோசனையின் வழிவந்தவை.

வரிசையில் யார் முதலில்? 'முதலில் வந்தவருக்கே முதலில்' என்பதுதான் ரேஷன் கடை முதல் கோயில் தரிசனம் வரை நமக்குத் தெரிந்த நியாயம். ஆனால் நெரிசல் நேரத்தில் ஃபேஸ்புக் பொறியாளர்கள் இதைத் தலைகீழாக்கினார்கள். வரிசை நீளும்போது கடைசியாக வந்த கோரிக்கையை முதலில் கவனிக்கும் முறையை 2015-ல் பென் மௌரர் ஒரு கட்டுரையில் விளக்கினார். அநியாயமாகத் தோன்றும். காரணம் எளிது. வரிசையின் தலையில் இருப்பவர் எப்போதோ பொறுமை இழந்து ஆப்பை மூடியிருப்பார். அவருக்குப் பதில் தயாரித்து முடிப்பதற்குள், இப்போது திரையைப் பார்த்துக்கொண்டிருப்பவரும் மூடிவிடுவார். கடைசியில் யாருக்குமே பதில் போய்ச் சேராது.

100-ல் ஒன்று, 63 ஆகும் கணக்கு

ஒவ்வொரு சர்வரும் 100 முறையில் 99 முறை வேகமாகவே பதில் தருகிறது என்று வைத்துக்கொள்வோம். பிரமாதம் என்றுதானே தோன்றும்? ஆனால் 20 சர்வரிடமிருந்தும் பதில் வந்த பிறகுதான் திரையைக் காட்டுவேன் என்று ஆப் அடம்பிடித்தால், 100 தேடலில் 18 தேடல் ஏதாவது ஒரு மெதுவான சர்வரிடம் மாட்டிக்கொள்ளும். 100 சர்வர் என்றால் 63 தேடல்.

கூகுளின் ஜெஃப் டீனும் லூயிஸ் ஆண்ட்ரே பரோசோவும் 2013-ல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில் வரும் எண் இது. அவர்கள் சொன்ன தீர்வுகளில் ஒன்று நம்ம ஆட்கள் அன்றாடம் செய்வதுதான். ஒரு கடையில் போன் எடுக்கவில்லை என்றால் கொஞ்சம் பார்த்துவிட்டு அடுத்த கிளைக்கு அடிப்போம். யார் முதலில் எடுக்கிறாரோ அவரிடம் பேசுவோம். அதேபோல, ஒரு சர்வர் 10 மில்லிநொடிக்குள் பதில் தராவிட்டால் அதே தகவலின் நகல் இருக்கும் இன்னொரு சர்வரிடமும் கேட்டார்கள். 100 சர்வர்களில் பரவிக் கிடந்த 1,000 தகவல்களை எடுக்கும் சோதனை அது. ஆயிரத்தில் ஒன்றாக வரும் மோசமான காத்திருப்பு 1,800 மில்லிநொடியிலிருந்து 74 ஆகக் குறைந்தது. இதற்குக் கூடுதலாகப் போன கோரிக்கைகள் வெறும் 2 சதவீதம்!

இந்த வித்தையை எங்கும் பயன்படுத்தலாம் என்று நினைத்துவிடக் கூடாது. சீட் இருக்கிறதா என்று ரெண்டு இடத்தில் கேட்கலாம், தப்பில்லை. 'பணத்தை எடு' என்று ரெண்டு இடத்தில் சொல்ல முடியுமா? கெடு முடிந்தது என்றால் பதில் வரவில்லை என்றுதான் அர்த்தம். வேலை நடக்கவில்லை என்று அர்த்தமில்லை. "காசு போயிடுச்சு, டிக்கெட் வரல" என்று நாம் புலம்பும் பல சமயங்களில், அந்தப் பக்கம் வேலை முடிந்து, பதில் மட்டும் வழியில் தொலைந்திருக்கும். அதனால் பணம் தொடர்பான ஒவ்வொரு முயற்சிக்கும் ஒரு தனி எண் கொடுக்க வேண்டும். அதே எண் மறுபடி வந்தால் சர்வர் புதிதாகப் பணம் எடுக்காமல் பழைய பதிலையே திருப்பித் தர வேண்டும். இந்த ஏற்பாடு இல்லாத இடத்தில் ஷெட்யூலர் தானாக மறுமுயற்சி செய்வது, என்னைக் கேட்டால், அடுத்தவர் காசில் சூதாடுவது.

எல்லோரும் ஒரே நொடியில் தட்டினால்?

காலை 10 மணி ஏசி தட்கலைப் பார்த்திருப்பீர்கள். அத்தனை பேரும் ஒரே நொடியில் தட்டுகிறார்கள். தோற்றால் அத்தனை பேரும் மறுபடி ஒரே நொடியில் தட்டுகிறார்கள். மென்பொருளும் இதையேதான் செய்யும், இன்னும் துல்லியமாக. '1 நொடி கழித்து மறுபடி கேள்' என்று எழுதிவைத்தால், ஒன்றாகத் தோற்ற 10,000 கோரிக்கைகளும் சரியாக 1 நொடி கழித்து ஒன்றாகத் திரும்பி வரும். மூச்சு வாங்கி எழுந்திருக்கப் பார்க்கும் சர்வர் மறுபடி விழும்.

காத்திருப்பை 1, 2, 4, 8 நொடி என்று இரட்டிப்பாக்குவது பழைய வைத்தியம். ஈத்தர்நெட் காலத்திலிருந்தே உண்டு. அது மட்டும் போதாது, ஏனென்றால் கூட்டம் கலையாமல் அப்படியே தள்ளிப் போகும், அவ்வளவுதான். ஒவ்வொருவரும் 0-க்கும் 8-க்கும் நடுவில் ஏதோ ஒரு நேரத்தைக் குலுக்கலில் எடுத்து அப்போது தட்ட வேண்டும். இதற்கு 'ஜிட்டர்' என்று பெயர். 2015-ல் அமேசான் வெப் சர்வீசஸின் மார்க் ப்ரூக்கர் இதன் பலனை வரைபடம் போட்டே காட்டினார்.

இன்னொரு கண்ணியும் இருக்கிறது. ஆப் 3 முறை முயல்கிறது. அதன் பின்னால் இருக்கும் சர்வர் 3 முறை. அதற்கும் பின்னால் இருப்பது 3 முறை. கடைசியில் இருக்கும் தரவுத்தளத்துக்கு ஒரு தேடல் 27 தேடலாகப் போய் இறங்குகிறது. அதுவும் அது ஏற்கெனவே திணறிக்கொண்டிருக்கும் நேரத்தில். கூகுளில் இதற்கு ஒரு 'பட்ஜெட்' வைக்கிறார்கள்: மொத்தக் கோரிக்கைகளில் மறுமுயற்சிகள் 10 சதவீதத்தைத் தாண்டினால் அதற்கு மேல் முயல்வதில்லை. எந்த அடுக்கு முயலலாம் என்பதையும் ஒரே இடத்தில் முடிவு செய்வது நல்லது.

நீங்கள் பொறுமை இழந்து மறுபடி தட்டுவதும் ஒரு மறுமுயற்சிதான். நல்ல ஷெட்யூலர் அப்போது பழைய 20 கோரிக்கைகளையும் ரத்து செய்யும். 'இவருக்கு இனி பதில் வேண்டாம்' என்பதையும் எதிர்ப்பக்கம் சொல்லும். பல ஆப்கள் சொல்வதில்லை. யாரும் படிக்காத பதிலை 20 சர்வர்கள் மும்முரமாகத் தயாரித்துக்கொண்டிருக்கும்.

யாரை விட்டுவிடுவது?

பஸ் ஆப்புக்கு ஒரு கூடுதல் கஷ்டம் உண்டு. கூகுளுக்கு நகல் சர்வர்கள் இருக்கின்றன. ஒரு பஸ் நிறுவனத்தின் சீட் விவரம் அந்த நிறுவனத்திடம் மட்டும்தான் இருக்கும். அங்கே பதில் தாமதமானால் வேறு யாரிடமும் கேட்க முடியாது. ஆகவே வந்தவரை காட்டுவதுதான் வழி. ஒன்றரை நொடியில் 17 நிறுவனம் வந்துவிட்டதா, திரையைத் திற. மீதி மூன்று வர வரச் சேர்த்துக்கொள். தொடர்ந்து தாமதமாகும் சர்வரைக் கொஞ்ச நேரம் கேட்காமலே விடு. வீட்டில் ஃப்யூஸ் போவது மாதிரி இதற்கும் 'சர்க்யூட் பிரேக்கர்' என்றே பெயர்.

ஆனால் தாமதமாகும் சர்வர் யாருடையதாக இருக்கும்? பெரும்பாலும் நாலைந்து பஸ் வைத்திருக்கும் சின்ன நிறுவனத்துடையது. டிக்கெட் விலை அங்கே குறைவாக இருக்கலாம். ஷெட்யூலர் வேகத்தை மட்டும் பார்த்தால், பண்டிகை நெரிசல் முழுக்க அவர் உங்கள் திரைக்கே வர மாட்டார். சீட் காலியாகவே மதுரைக்குப் போகும். அதனால் ஃப்யூஸை ஒரேயடியாகப் பிடுங்கிவிடுவதில்லை. சில நொடிக்கு ஒருமுறை, அந்தச் சர்வருக்கு ஒரே ஒரு கோரிக்கையை மட்டும் அனுப்பிப் பார்க்க வேண்டும். பதில் நேரத்துக்கு வந்தால் ஒன்றை இரண்டாக்கு, இரண்டை நாலாக்கு. வராவிட்டால் மறுபடி மூடு. அந்த 'சில நொடி' 5 ஆக இருக்க வேண்டுமா, 60 ஆக இருக்க வேண்டுமா? எந்தப் பாடப்புத்தகத்திலும் இதற்கு விடை கிடையாது. அந்தச் சின்ன நிறுவனத்துக்காரரிடம் கேட்டால் 5 என்பார். வட்டம் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டிருக்கும் நீங்கள்?